வாமி பாரை அழுத்தினாலும் சுருதி கலையாம இருக்க

தம்பி, சுருதி கலைஞ்சா எல்லாரும் தலைப்பக்கம் இருக்கிற ட்யூனிங் கீயைத்தான் குத்தம் சொல்லுவாங்க. "புது கீ வாங்கிப் போடு"ன்னு உன் ஃப்ரெண்ட்ஸ் சொல்லியிருப்பாங்க. காசைக் கையில வெச்சுக்கோ. வாமி பார் இருக்கிற கிட்டார்ல முக்கால்வாசி நேரம் கோளாறு அங்க இல்ல. ஸ்ட்ரிங் போற வழியில எங்கேயோ சிக்குது, சிக்கின இடத்துலேர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப மாட்டேங்குது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

முதல்ல பிரிட்ஜ் எப்படி நிக்குதுன்னு புரிஞ்சுக்கோ. உன் ஸ்ட்ராட் கிட்டார்ல அது மரத்தோட இறுகி ஒட்டிக்கிட்டு இல்ல. முன்விளிம்புல ஆறு ஸ்க்ரூவையோ ரெண்டு தண்டையோ பிடிச்சுக்கிட்டு சாய்ஞ்சு ஆடுது. மேலே ஆறு ஸ்ட்ரிங்கும் ஒரு பக்கம் இழுக்குது, பின்பக்க மூடிக்குள்ள இருக்கிற ஸ்ப்ரிங் எல்லாம் மறுபக்கம் இழுக்குது. தராசு மாதிரி, ரெண்டும் சமமா இருந்தாதான் நிக்கும். 1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டரோட லியோ ஃபெண்டர் கொண்டுவந்த அமைப்பு இது. அடிப்படை இன்னிக்கும் அதேதான்.

10–46 ஸ்ட்ரிங் செட்டை வழக்கமான சுருதிக்கு ஏத்தினா மொத்த இழுப்பு சுமார் 46 கிலோ. 9–42 செட்டுக்கு சுமார் 38 கிலோ. நடுவுல எட்டு கிலோ வித்தியாசம் இருக்கு பாரு, அதனாலதான் செட் அளவை மாத்தினதும் பிரிட்ஜ் எழும்பிக்குது, இல்லன்னா உள்ளே அமுங்கிக்குது. மெட்ரோ ஏறி அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்கு ஸ்ட்ரிங் வாங்கப் போறப்ப, கவர் மேல இருக்கிற எண்ணைப் பார்த்து, இப்ப போட்டிருக்கிற அதே அளவை வாங்கு. அளவை மாத்தியே ஆகணும்னா பின்மூடியைக் கழட்டு. ஸ்ப்ரிங்கைப் பிடிச்சிருக்கிற தகடுல ரெண்டு நீள ஸ்க்ரூ இருக்கும். பிரிட்ஜோட பின்விளிம்பு ரொம்பத் தூக்கிக்கிட்டு இருந்தா ரெண்டையும் அரைத் திருகு இறுக்கு. அமுங்கி இருந்தா அரைத் திருகு தளர்த்து. ஒவ்வொரு தடவையும் மறுபடி ட்யூன் பண்ணிட்டுத்தான் பார்க்கணும். பின்விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் இடைவெளி வந்தா போதும், நிறுத்திக்கோ.

இந்த சமநிலையாலதான் ஒரு ஸ்ட்ரிங்கைத் தொட்டா மத்த அஞ்சும் நகருது. தடிமனான ஈ ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்கிப் பாரு, மத்ததெல்லாம் சுருதி ஏறியிருக்கும். அதனால ட்யூன் பண்றப்ப ஒரு சுத்தோட விடாதே. ட்யூனர் முள் நிலையா நிக்கிற வரைக்கும் ஆறையும் திரும்பத் திரும்ப சுத்தி வா. எப்பவும் கொஞ்சம் கீழே இறக்கி, மேலே ஏத்திக் கொண்டுவந்து நிறுத்து. மேலேர்ந்து இறக்கி நிறுத்தினா கீயில இருக்கிற தளர்வு அப்புறமா கழண்டு சுருதி விழும்.

இப்ப நட்டுக்கு வா, அதான் கழுத்தோட தலைப்பக்க முனையில ஸ்ட்ரிங் உட்கார்ற பள்ளம் இருக்கிற துண்டு. உன் கண்ணு அதிக நேரம் இருக்க வேண்டிய இடம் இதுதான். பாரை நல்லா அழுத்தி விடு, ட்யூனரைப் பாரு. சுருதி ஏறி நின்னா ஸ்ட்ரிங் நட்டுல சிக்கியிருக்குன்னு அர்த்தம். பார் அழுத்தறப்ப ஸ்ட்ரிங் தளர்ந்து கீ பக்கம் கொஞ்சம் நகருது, விட்டதும் திரும்பி வர முடியல. அடுத்து ஒரு ஸ்ட்ரிங்கை விரலால வளைச்சு விடு. சுருதி இறங்கி நின்னா அதே சிக்கல்தான், திசை மட்டும் வேற. (கீயில சரியா சுத்தாத ஸ்ட்ரிங் வழுக்கினாலும் இறங்கும், அதையும் பார்த்துக்கோ.) கீயைத் திருகறப்ப "டிங்"னு ஒரு சத்தம் வந்து சுருதி குதிச்சா இனிமே சந்தேகமே வேண்டாம்.

மருந்து உன் பென்சில் டப்பாவிலேயே இருக்கு. ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி நட் பள்ளத்துலேர்ந்து வெளியே எடு, கூரா சீவின 2பி பென்சிலால பள்ளத்துக்குள்ள நல்லா தேய்ச்சு விடு, திரும்ப வை. ஒவ்வொரு தடவை ஸ்ட்ரிங் மாத்தறப்பவும் இதைச் செய். அதுக்கப்புறமும் சிக்கினா பள்ளம் ஸ்ட்ரிங்கை விடக் குறுகலா இருக்கு. அதை வீட்டுல ராவாதே. கொஞ்சம் ஆழமாப் போயிட்டா ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டுல இடிச்சு இரையும், நட்டையே மாத்த வேண்டி வரும். அளவு வாரியா நட் அரம் வெச்சிருக்கிற ரிப்பேர்காரர்கிட்ட கொடு. கீ மாத்தற செலவை விட இது எவ்வளவோ மேல்.

தலைப்பக்கம் மெல்லிய ஸ்ட்ரிங்கைக் கீழே அழுத்திப் பிடிக்கிற குட்டிக் கொக்கிக்கு அடியில துளி வாஸ்லின். பிரிட்ஜ் சாய்ஞ்சு ஆடுற விளிம்புல, பல்குத்தும் குச்சி நுனியால ஒரே சொட்டு தையல் மெஷின் எண்ணெய். மரத்துல படக்கூடாது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். ஏசி ரூம்ல உறையும், நாளாக நாளாகப் பிசுபிசுன்னு தூசியைப் பிடிக்கும். ஆறு ஸ்க்ரூ வகைன்னா நடுவுல இருக்கிற நாலையும் கொஞ்சம் தளர்த்தியே வை, ஓரத்து ரெண்டு தாங்கினா போதும். ரெண்டு தண்டு வகைன்னா, ஸ்ட்ரிங் முழு இறுக்கத்துல இருக்கறப்ப தண்டைத் திருகி உயரம் மாத்தாதே, கத்தி மாதிரி இருக்கிற அந்த விளிம்பு மழுங்கிடும். மழுங்கினா எந்த எண்ணெய்க்கும் சரியாகாது. பார் கழுத்துல ஆட்டம் கொடுத்தா, பிளம்பர் குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப்பை அதோட மரையில ரெண்டு சுத்து சுத்தி மாட்டு.

ஸ்ட்ரிங் மாத்தறப்ப ஒவ்வொண்ணா மாத்து. ஆறையும் ஒரேயடியா கழட்டணும்னா பிரிட்ஜுக்கு அடியில மடிச்ச துணி வெச்சுக்கோ. மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு கீயில ரெண்டு மூணு சுத்து போதும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம கீழ்நோக்கி வரிசையா வரட்டும். அப்புறம் 12-வது ஃப்ரெட் பக்கத்துல பிடிச்சு மெதுவா மேலே இழு, ட்யூன் பண்ணு, திரும்ப இழு. இறங்கறது நிக்கிற வரைக்கும். இதை விட்டுட்டு மேடை ஏறினா முதல் பாட்டுலயே தெரிஞ்சுடும்.

உனக்குப் பார் நிஜமாவே வேணுமான்னும் யோசிச்சுக்கோ. நீ கமகம் பழகறவன். எண்பதுகள்லயே சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிச்ச ஊர் நம்ம சென்னை, அப்புறம் ஆர். பிரசன்னா அதை உலகமெல்லாம் கொண்டுபோனார். ஒரு ஸ்ட்ரிங்கை வளைச்சு காந்தாரத்தை அசைக்கிறப்ப, கீழே சட்ஜம் பஞ்சமம் ஒலிச்சுக்கிட்டே இருக்கணும்னு நினைச்சுப் பாரு. மிதக்கிற பிரிட்ஜ்ல நீ வளைக்கிற இழுப்புல பிரிட்ஜே முன்னால சாயும், சட்ஜம் பஞ்சமம் ரெண்டும் இறங்கும். காதுக்கு அது தாங்காது. இதுக்கு நட்டு, எண்ணெய் எதுவும் உதவாது. ஸ்ப்ரிங் இருக்கிற குழிக்குள்ள பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால அளவா ஒரு மரத்துண்டு, முன்னால ஒண்ணு வெச்சு அசையாம பண்ணிடு. எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்ல இப்படி மரத்துண்டு வெச்சு அடைச்சுத்தான் வாசிக்கிறார். துண்டை எடுத்தா பழையபடி ஆடும், கிட்டாருக்கு ஒரு சேதமும் இல்ல. என்னைக் கேட்டா உனக்கு இதுதான் சரி. பாடறவங்களோட கட்டைக்குத் தகுந்த மாதிரி ஏத்தி இறக்கறதும் அப்ப சுலபம்.

நம்ம ஊர் காத்துல ஈரம் அதிகம், கை வேர்வை அதை விட மோசம். துருப்பிடிச்ச ஸ்ட்ரிங் நட்டுல சொரசொரன்னு சிக்கும். வாசிக்கறதுக்கு முன்னால கை கழுவு, முடிஞ்சதும் பழைய காட்டன் வேட்டித் துணியால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கோட அடிப்பக்கமும் சேர்த்துத் துடை. ஐப்பசி, கார்த்திகை மழையில பைக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை. ஏசி ரூம்லேர்ந்து எடுத்துக்கிட்டுப் போனா பையை உடனே திறக்காதே. குளிர்ந்த ஸ்ட்ரிங் மேல நீர் பூக்கும், சூடேறினா சுருதியும் இறங்கும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும். நங்கநல்லூர்ல ஃபோன் ஆப் வெச்சு ட்யூன் பண்றது எனக்குப் பிடிக்காது, ஒரு விமானம் தலைக்கு மேல போனா மைக் குழம்பிடும். தலையில மாட்டற க்ளிப் ட்யூனர் மரத்தோட அதிர்வையே எடுத்துக்கும்.

ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ் வாங்கலாமான்னு கேட்டியே, நட்டிலேயே ஸ்ட்ரிங்கைப் பூட்டிடறதால சுருதி நல்லா நிக்கும். ஆனா ஒண்ணு அறுந்தா மத்ததெல்லாம் ஏறிடும், ஆலன் கீ இல்லாம மாத்தவும் முடியாது. இப்போதைக்கு வேண்டாம்.

காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு முந்தின நாள் ராத்திரி புது ஸ்ட்ரிங் போடாதே. ரெண்டு நாள் முன்னாடியே போட்டு வாசிச்சுப் பழக்கு. பையில பென்சில், சின்ன ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், அதே அளவுல ஒரு முழு செட். மெல்லிய ஈ மட்டும் தனியா ரெண்டு எடுத்துக்கோ, முதல்ல அறுந்துபோறது பெரும்பாலும் அதுதான்.