ஊர்ச்சோறு தேடிக் கிளம்பும் இளையவர்களுக்கு

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகத் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு வீட்டு அடுப்பைக் கைப்பற்றிக்கொண்ட ஒரு கிழவன் எழுதுவது இது. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட வேண்டும், வந்து சமைத்தும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பார்சலில் வராததைத் தேடுங்கள். திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று ஒரு பட்டியல் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. எல்லாமே நல்ல சரக்குதான். முறுக்கும் பால்கோவாவும் கடலைமிட்டாயும் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டன. ஆனால் இவை ஏன் ஊர் தாண்டிப் பேர் வாங்கின? சீக்கிரம் கெடாது, சிந்தாது, பையில் வைத்தால் சென்னை வரை வரும். ஒரு ஊர்க்காரர் தினமும் சாப்பிடுவதில் முக்கால்வாசி அப்படி வராது. கும்பகோணத்துக் கடப்பா இருக்கிறதே, பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டு இட்லிக்கு ஊற்றுவார்கள். அது அங்கேயே சுடச்சுடச் சாப்பிட வேண்டியது. பெட்டியில் அடைக்க முடியாத அந்த முக்கால்வாசிக்காகத்தான் டிக்கெட் எடுக்கிறீர்கள்.

2. வருஷத்துக்கு ஒரு வட்டாரம் போதும். நாலு நாளில் நாலு ஊர் போனால் நாலு ஹோட்டல்தான் பார்ப்பீர்கள். ஒரே வட்டாரத்துக்கு வெவ்வேறு மாதங்களில் போங்கள். இரண்டாம் தடவை போகும்போதுதான் கடைக்காரர் முகம் பார்த்துப் பேசுவார்.

3. ஹோட்டலுக்கு முன்னால் சந்தைக்குப் போங்கள். 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இப்போது அநேகமாக எல்லாப் பெரிய ஊரிலும் இருக்கிறது. விடிகாலையில் அங்கே ஒரு சுற்று வந்தால் மதியம் எதைக் கேட்டுச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துவிடும். கொங்கு நாட்டுச் சந்தையில் சின்ன வெங்காயம் குவிந்து கிடக்கும். ராமநாதபுரம் பக்கம் குண்டு குண்டாக முண்டு மிளகாய். நாகர்கோவிலில் மட்டி வாழையும் மரவள்ளிக் கிழங்கும். எதை மூட்டை மூட்டையாக விற்கிறார்களோ அதுதான் அந்த ஊர் அடுப்பில் கொதிக்கிறது. விலை கேளுங்கள், கொஞ்சம் வாங்கவும் செய்யுங்கள். வெறுமனே வேடிக்கை பார்ப்பவருக்கு யாரும் சமையல் சொல்ல மாட்டார்கள்.

4. நாள்காட்டி பார்த்துக் கிளம்புங்கள். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு கொண்டுவரும் மீன் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் குறைவு, விலையும் ஏறியிருக்கும். பள்ளிக்கூட விடுமுறைதான் வசதி என்று மே மாதத்தில் குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போய் "வஞ்சிரம் எங்கே?" என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குமரியின் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் முதல் ஜூலை முடிய. பதநீருக்குக் கோடை, அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். பனங்கிழங்குக்குத் தை. புரட்டாசியில் அசைவ மெஸ்களில் பாதி இலை காலியாக இருக்கும். அந்த மாதத்தைச் சைவச் சமையலுக்கு ஒதுக்குங்கள்.

கடிகாரமும் முக்கியம். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா சாயங்காலம்தான். மதுரையில் பருத்திப்பால் ஒரு நேரம், கறிதோசை வேறு நேரம். நீங்கள் எழுந்து குளித்து வரும்வரை எந்த ஊரும் காத்திருக்காது.

5. சாப்பிடும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் யாரைக் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தங்கும் விடுதி வரவேற்பில் கேட்டால் ஏசி உள்ள இடத்தைச் சொல்வார்கள். கோர்ட் வாசலில் குமாஸ்தாவைக் கேளுங்கள், மண்டியில் மூட்டை தூக்குபவரைக் கேளுங்கள், மருந்துக் கடைப் பையனைக் கேளுங்கள். "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்கவே கூடாது. "நீங்க மத்தியானம் எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேட்க வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் எனக்கு எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.

6. மூன்று பேராகப் போங்கள். தனியாகப் போனால் வயிறு ஒன்றுதான். ஐந்தாறு பேர் போனால் அது சுற்றுலா.

7. ஒரே பண்டத்தை இரண்டு ஊரில் சாப்பிட்டுப் பாருங்கள். நாக்கைப் பழக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆம்பூர் பிரியாணிக்கும் சீரகச் சம்பாதான், திண்டுக்கல் பிரியாணிக்கும் சீரகச் சம்பாதான். ஆம்பூரில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது போடுவார்கள், அரிசியைத் தனியே அரைவேக்காடாக வடித்துக் கறியோடு சேர்த்துத் தம் போடுவார்கள், கூடவே கத்தரிக்காய். திண்டுக்கல்லில் கறியைச் சின்னத் துண்டாக நறுக்குவார்கள். மிளகின் காரம் தூக்கலாக இருக்கும். அரிசி கறிவெந்த சாற்றிலேயே வேகும். எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம். அரிசி எந்தத் தண்ணீரில் வெந்தது என்று நாக்கால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அது பிடிபட்டுவிட்டால் நீங்கள் பாதிச் சமையல்காரர்.

8. பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். முக்கியமாக "செட்டிநாடு" என்ற பலகையை. நெடுஞ்சாலை ஹோட்டல்களில் சிவப்பாக, எண்ணெய் மிதந்து, தொண்டை எரிந்தால் அது செட்டிநாடு என்று ஆகிவிட்டது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் சாப்பிட்டவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப் பூ எல்லாம் உண்டுதான், ஆனால் அளவோடு, வாசனைக்காக. அந்த வீடுகளின் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரிந்து மண்டி என்ற குழம்பில் இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்துவைத்து, அதில் புளி கரைத்து, வதக்கிய வெண்டைக்காயும் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். குழம்பு தானாகக் கெட்டிப்படும். பருப்போ தேங்காயோ தேவையில்லை. மழை குறைந்த சீமையில், கழுவிய தண்ணீரையும் வீணாக்காத கை அது. பர்மாவில் வியாபாரம் செய்து கவுனி அரிசி கொண்டுவந்த அதே வீடுகள்தான் மண்டியும் வைத்தன. உங்கள் ஊர் "செட்டிநாடு" ஹோட்டலில் மண்டி கேட்டுப் பாருங்கள். அவர்கள் விழிக்கும் விழியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

9. ஒரு ஊருக்கு ஒரு சமையல் என்று நினைக்காதீர்கள். தூத்துக்குடி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக ஊரில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூன். காயல்பட்டினத்து முஸ்லிம் கல்யாணங்களில் களரிச் சாப்பாடு. உடன்குடியில் கருப்பட்டி. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் கம்பும் சோளமும். நாலுக்கும் நடுவே பஸ்ஸில் ஓரிரண்டு மணி நேரம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பாரம்பரிய உணவு" என்று புத்தகங்களிலும் விழாக்களிலும் வருவது பெரும்பாலும் வசதியானவர்கள் வீட்டு விருந்து. ரத்தப் பொரியல், குடல் குழம்பு, வயல் நத்தை, வயல் நண்டு, பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு இவையும் அதே மண்ணின் சமையல்தான். அவற்றுக்கு யாரும் பலகை வைப்பதில்லை. முகம் சுளிக்காமல் சாப்பிடப் பழகுங்கள், முடியாவிட்டால் முகம் சுளிக்காமல் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். யாரிடமும் சாதி கேட்காதீர்கள். "உங்க வீட்ல விசேஷத்துக்கு என்ன செய்வீங்க? மழை நாள்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டால் போதும்.

10. வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். வெறுங்கையோடு போகாமல் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். சமையலறைக்குள் கேமரா தூக்கும் முன் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், அவர்கள் கணவரிடம் அல்ல.

11. தராசு ஒன்று பையில் இருக்கட்டும். கையடக்கமான சின்னத் தராசு போதும். பாட்டிகள் எல்லோரும் "கண்ணளவுதான், கையளவுதான்" என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் அவர் கை உங்கள் கை இல்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். நிற்கும் அளவுக்கு உளுந்து, அவ்வளவுதான் கணக்கு. அழகான கணக்கு. ஆனால் கோபுரத்தின் உயரம் ஆழாக்கின் வாயகலத்தைப் பொறுத்தது. "ஆச்சி, ஒரு நிமிஷம்" என்று வாங்கி, ஊறப்போடும் முன் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அடுத்ததையும் கொடுப்பார்கள். அரிசி எவ்வளவு நேரம் ஊறியது, மாவு எந்தப் பதத்தில் இருந்தது, தாளிக்கும்போது எது முதலில் விழுந்தது, இதையெல்லாம் எழுதுங்கள். "ருசியாக இருந்தது" என்று எழுதாதீர்கள். பிறகு ஒன்றுக்கும் உதவாது.

12. ஊர் திரும்பிய அதே வாரம் சமையுங்கள். ருசி நாக்கில் நிற்பது கொஞ்ச நாள்தான். முதல் தடவை எதையும் மாற்றாதீர்கள். சேர்க்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தொடக்கத்துக்குப் பள்ளிபாளையம் சிக்கன் நல்லது. ஈரோட்டுக்கு எதிரே காவிரிக்கு அக்கரையில் இருக்கும் ஊர். எண்ணெயில் விதை உதிர்த்த வரமிளகாய், கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம், கொஞ்சம் பூண்டு. பிறகு சின்னத் துண்டுக் கோழி, மஞ்சள், உப்பு, பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய். கோழி விடும் தண்ணீரில் வேகவைத்துச் சுருளக் கிளற வேண்டும். மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது, தக்காளி கிடையாது. உங்கள் கை தானாக மசாலா டப்பாவுக்குப் போகும். போகவிடாதீர்கள். அதைச் சமைத்து முடித்தால் கொங்குச் சமையல் எதை நம்பி இருக்கிறது என்று புரிந்துவிடும்.

அடுத்தது சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சொதி வைப்பது திருநெல்வேலிச் சைவ வீடுகளின் வழக்கம். பாசிப்பருப்பைத் தனியே குழைய வேகவையுங்கள். தேங்காயில் மூன்று பால் எடுங்கள். முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவிட்டு, பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதையும் பருப்பையும் சேருங்கள். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவது அடுப்பை விட்டு இறக்கிய பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது சொதிச் சாப்பாடு இல்லை என்பது என் வீட்டம்மா தீர்ப்பு. அவர் பாளையங்கோட்டைக்காரர், நான் எதிர்த்துப் பேசுவதில்லை. இலங்கைத் தமிழ் வீடுகளிலும் சொதி உண்டு. அது தண்ணியாக, இடியாப்பத்துக்கு ஊற்றுவதற்கு. அதைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள், இதோடு கலக்காதீர்கள்.

13. எண்ணெயை மாற்றினால் ஊர் மாறிவிடும். குமரிச் சமையலுக்குத் தேங்காய் எண்ணெய். மதுரைப் பக்கத்துப் புளிக்குழம்புக்கு நல்லெண்ணெய். வாசனையில்லாத எண்ணெயில் எல்லாவற்றையும் செய்துவிட்டு "அங்கே சாப்பிட்ட மாதிரி வரலையே" என்று புலம்பக் கூடாது.

14. கொஞ்சம் படியுங்கள். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது. ஒரு வகைச் சைவச் சமையலுக்கு அதைவிடத் தெளிவான ஆசிரியர் இல்லை. கரிசல் சாப்பாட்டுப் பெயர்களுக்கு கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி. சோற்றுக்குப் பின்னால் இருக்கும் சமூகக் கணக்குக்குத் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. சமையல் வீடியோக்களை நான் பழிக்கவில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் முடிகிற சந்தகையை வீடியோவில்தான் பார்க்கலாம். வீட்டில் அதற்கு அச்சைப் பிடிக்க ஒருவர், அழுத்த ஒருவர் வேண்டும்.

15. எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஆடி முதல் நாள் சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு பக்கம் எந்த ஊருக்காவது போங்கள். தேங்காய் சுடும் பண்டிகை. தேங்காயின் நாரை உரசி வழவழப்பாக்கி, கண்ணைத் திறந்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சில் குச்சியால் அடைத்து, அந்தக் குச்சியையே பிடித்துத் தீயில் வாட்டுவார்கள். ஓடு கருகி வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துச் சாப்பிடுவார்கள். எந்த ஹோட்டலிலும் இது கிடையாது. ஊரில் ஒருவரைத் தெரிந்திருந்தால்தான் உங்கள் கைக்கு ஒரு துண்டு வரும். ஆடி பெரும்பாலும் ஜூலை 17-ல் பிறக்கும். இப்போதே அந்தப் பக்கத்து நண்பர் யாரையாவது பிடித்துச் சொல்லிவையுங்கள்.