வீட்டை விற்கலாமா என்று கேட்ட மகனுக்கு

பாலசமுத்திரம்

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. திருப்பதி வீட்டை விற்றுவிட்டு இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போகலாமா, ஊர் என்ன பேசும் என்று கேட்டிருந்தாய். போ என்பதுதான் என் பதில். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான், கணக்கோடு சொல்கிறேன்.

உன் கடன் 60 லட்சம், 20 வருடம். வட்டி எட்டரை என்றே வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 52,000 சொச்சம். ஆறு வருடத்தில் 37 லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறாய். அதில் அசலில் கழிந்தது சுமார் 9 லட்சம்தான். மற்றதெல்லாம் வட்டிக்குப் போயிற்று. ஆரம்ப வருடங்களில் எந்த வீட்டுக் கடனும் இப்படித்தான் ஓடும். கடைசிவரை கட்டினால் வட்டி மட்டும் 65 லட்சம்.

இந்தத் தவணைக்காகத்தானே ஆபீஸ் விட்டு வந்ததும் ராத்திரி இன்னொரு வேலைக்கு உட்காருகிறாய்? மாடியில் மூன்று அறை பூட்டியே கிடக்கிறது. கட்டில்மேல் பழைய பெட்ஷீட், ஜன்னல் விளிம்பில் புறா எச்சம். அதைக் கூட்டித் துடைப்பதிலேயே மருமகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. பாப்பா உன்னோடு பேச வேண்டுமென்றால் நீ சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் வர வேண்டியிருக்கிறது. எனக்கு மனசு தாங்கவில்லை.

ஊர்ப் பேச்சுக்குப் பயப்படாதே. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பார். பர்மாவில் வட்டித் தொழில் செழித்த காலத்தில் நகரத்தார் கட்டிய மாளிகைகள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வருமானம் நொடித்துப்போனது. வீடு மட்டும் நின்றது. பல வீடுகளுக்கு இன்று எத்தனையோ பங்காளிகள். திருவிழா, கல்யாணம் என்றால்தான் கதவு திறக்கிறது. பராமரிக்க முடியாமல் தேக்குத் தூணையும் கதவையும் பழம்பொருள் கடைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. அவ்வளவு செல்வம் இருந்தவர்களுக்கே அந்தப் பாரம் என்றால், மாதச் சம்பளக்காரன் நீ எதற்குச் சுமக்க வேண்டும்?

விற்கும்போது வரியைக் கவனி. இரண்டு வருடத்துக்கு மேல் உன் கையில் இருந்த வீடு. விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கி, அதன் விலை உனக்குக் கிடைத்த லாபத்துக்குக் குறையாமல் இருந்தால் லாபத்துக்கு வரி கிடையாது. விற்ற பணம் முழுவதையும் புது வீட்டில் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. லாபத்துக்கு ஈடாக வீடு வாங்கினால் போதும், மீதியில் கடனை அடைக்கலாம். ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

வட்டி மாறும் வீட்டுக் கடனை முன்னதாக அடைத்தால் வங்கி அபராதம் கேட்கக் கூடாது. 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் உன் கைக்கு வர வேண்டும். வங்கியின் பக்கம் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உனக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இதுவும் விதி. கூச்சப்படாமல் கேள்.

மீதிப் பணம் கையில் இருப்பது தெரிந்தால் ரேணிகுண்டா பக்கம் மனை இருக்கிறது என்று தரகர்கள் வருவார்கள். ஒரு சென்ட் கூட வாங்காதே. ஆறு மாதச் செலவை வைப்பு நிதியில் போடு, பாப்பா படிப்புக்கு எடுத்து வை, ராத்திரி வேலையை விட்டுவிடு. அதை விடாவிட்டால் வீட்டை விற்றும் பயனில்லை.

இந்த வாரமே வங்கிக்குப் போய்க் கடன் பாக்கியை எழுத்தில் வாங்கு. மருமகளோடு உட்கார்ந்து பேசு. அவள் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யாதே. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்குமுன் குடி மாறிவிட்டால் பாப்பாவுக்கு அலைச்சல் இருக்காது. பத்திரம் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா