கார் ஷெட்டில் விறகு அடுப்பு

வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கார் ஷெட் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு வரும் சொந்தக்காரர்களுக்குச் சமைக்க அதில் விறகு அடுப்பு போடலாமா?
– ஒரு வாசகி, திருத்தணி

தாராளமாகப் போடுங்கள். ஆனால் காரும் பைக்கும் வெளியே போய்விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு தவழ்ந்து வந்து அடுப்பில் பற்றிக்கொள்ளும். புகைக்குழாயை வளைக்காமல் நேராக ஏற்றி, கூரைக்கு மேல் மூன்றடி நீட்டி, மழைக்கு ஒரு தொப்பி போடுங்கள். கூரையில் மரச்சட்டம் இருந்தால் குழாய் அதைத் தொடக் கூடாது. ஈர விறகு குழாயில் கரியைத்தான் அப்பும்; காய்ந்த சவுக்கு வாங்குங்கள். ஷட்டரை இறக்கிவிட்டுச் சமைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மற்றபடி, திருத்தணி முருகன் கோயிலின் 365 படி ஏறி இறங்கிய பசி லேசில் அடங்காது. அண்டாவைப் பெரிதாகவே ஏற்றுங்கள்!