இருவர் தாங்கும் நோய்

புற்றுநோயுற்றாரைக் காணச் செல்வோர் பலரும் நோயாளியின் நலத்தையே வினவித் திரும்புவர். அருகில் நிற்கும் கணவனையோ மனைவியையோ, “நீர் உறங்கினீரா?” என்று கேட்பார் அரியர். மருந்து வேளையை நினைவிற் கொண்டும், பொருள் தேடி அலைந்தும் வாடும் அவரை உலகம் பணிவிடையாளர் என்றே கருதுகின்றது.

சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் போடன்மன் என்பார், மணவாழ்வில் ஒருவர்க்கு நேரும் இன்னல் இருவர்க்கும் பொதுவாதலின், அதனைத் தாங்கும் முறையையும் இருவர் செயலாகவே நோக்கவேண்டும் என்று 1990-களில் எடுத்துரைத்தார். துணைவரைத் தேற்றுதல் ஒரு வகை. இருவரும் கூடி வழிதேடுதல் ஒரு வகை. ஒருவர் வேண்டிக்கொள்ள மற்றவர் அவர் வேலையை ஏற்றுக்கொள்ளுதல் பிறிதொரு வகை. ஈண்டு ‘வேண்டிக்கொள்ள’ என்பதே கருதத்தக்கது. வேண்டாதபோதும் எல்லா வேலையையும் கைக்கொள்ளும் அன்பு, நோயாளி தம்மை ஒரு பாரமென்று எண்ணும்படி செய்துவிடும்.

மறைத்தல் இதனினும் கொடிது. நம் இல்லங்கள் பலவற்றில் நோயின் பெயரை நோயாளிக்கு உரைப்பதில்லை. அவரோ குறிப்பால் உணர்ந்தும், மனைவி வருந்துவாளே என்று அறியாதார்போல் இருப்பார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே அழுவர். நோயாளி அறிய விரும்பும் அளவிற்கேனும் உண்மையைப் பேசினாலன்றி, கூடி வழிதேடுதல் எங்ஙனம் இயலும்?

ஆங்கில நூலாசிரியர் சி. எஸ். லூயிஸ் என்பார்க்கும் அவர் மனைவி ஜாய் டேவிட்மனுக்கும் நேர்ந்ததை ஈண்டு நினைக்கலாம். 1956 அக்டோபரில் அம்மையாரின் தொடையெலும்பு முறிந்தது. ஆராய்ந்தபோது புற்றுநோய் எலும்பிற் பரவியமை வெளிப்பட்டது. பிழைப்பது அரிது என்று அறிந்தே, 1957 மார்ச்சு 21-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் படுக்கையருகே திருச்சபை முறைப்படி மணவாழ்த்துப் பெற்றனர். அவ்வாண்டில் லூயிஸும் எலும்பு நலியும் நோயால் வருந்திக் கச்சையணிய நேர்ந்தது. ஆகவே நோயாளி ஒருவர், பணிவிடையாளர் ஒருவர் என்னும் பிரிவு அவ்வில்லத்தில் நில்லாதாயிற்று. பிணி தணிந்து கோலூன்றி நடந்த காலத்து அம்மையார் பழுதுற்றிருந்த வீட்டைச் செப்பனிடுவித்தார். அவ்வேலையைக் கணவர் தடுத்திருப்பாராயின், அதனை அன்பென்று யான் கூறேன்.

1959-இல் நோய் மீண்டது. எனினும், முன்னரே எண்ணியிருந்த கிரேக்கநாட்டுப் பயணத்தைக் கைவிடாது 1960 ஏப்ரலில் சென்றனர். நண்பர் ரோஜர் லான்சலின் கிரீனும் அவர் மனைவியாரும் உடன் சென்றனர். ஜூலை 13-ஆம் நாள் அம்மையார் காலமானார்.

கிரீன் தம்பதியர் போல உடன் செல்லுதல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும், “யாது வேண்டும்?” என்று பொதுவாக வினவினால், “ஒன்றும் வேண்டா” என்பதே விடையாகும். “செவ்வாய்க்கிழமை மாலை யான் இங்கிருப்பேன், நீர் இல்லம் சென்று உறங்கி வாரும்” என்றால் ஏற்பர். மற்றொரு நாள் பிள்ளைகளை அழைத்துச் சென்று உணவளிக்கலாம். அவ்வேளையில் அவ்விருவரும் தனித்திருந்து பேசிக்கொள்வர்.