ஆவடி–அம்பத்தூர் ஓட்டத்துக்கு டீசல் கார் சரிப்படுமா?

கேள்வி: 2021 மாடல் பிஎஸ்6 டீசல் எஸ்யூவி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு ஆவடியில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு சி.டி.எச். சாலையில் ஊர்ந்து போய்ச் சேருவேன். தீபாவளி, பொங்கலுக்குத்தான் திருநெல்வேலிப் பயணம். டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்) லைட் அடிக்கடி எரிகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கம்ப்யூட்டரை மாட்டி ஃபில்டரைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள், மறுபடியும் வருகிறது. இப்போது ஆயில் மட்டமும் ஏறியிருக்கிறது, நான் ஊற்றவே இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது" என்கிறார். செய்யலாமா, வண்டியையே விற்றுவிடலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: முதலில் ஆயிலைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஊற்றாத ஆயில் ஏறுகிறதென்றால் அதில் டீசல் கலந்துகொண்டிருக்கிறது. டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். நீர்த்துப்போன ஆயில் டர்போவையும் பேரிங்குகளையும் தேய்த்துவிடும். மட்டம் மிகவும் ஏறினால் என்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றாமல் மூன்றாம் முறை கம்ப்யூட்டரை மாட்டச் சம்மதிக்காதீர்கள். புது ஆயில், உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் சாம்பல் குறைந்த ரகமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் சி2 அல்லது சி3 என்று டப்பாவில் போட்டிருக்கும். விலை குறைவென்று வேறொன்றை ஊற்றினால் அதன் சாம்பல் டிபிஎஃப் ஃபில்டரிலேயே தங்கிவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது.

ஆயிலில் டீசல் எப்படி வந்தது? பிஎஸ்6 மாசு விதிப்படி, 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.0045 கிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது. பிஎஸ்4 காலத்தில் 0.025 கிராம் வரை விட்டிருந்தார்கள். இந்த வரம்புக்குள் வர, புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்னும், தேன்கூடு போன்ற செராமிக் ஃபில்டர் ஒன்றை வைக்கிறார்கள். அது கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் என்ஜின் தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, ஃபில்டரின் சூட்டைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றி அந்தக் கரியை எரிக்கும். அதற்கு நிற்காத ஓட்டம் பதினைந்து, இருபது நிமிடமாவது வேண்டும். திருமுல்லைவாயலில் ஒரு நிறுத்தம், அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு நிறுத்தம் என்று போகும் வண்டிக்கு அது கிடைப்பதில்லை. எரிப்பு தொடங்கும், நீங்கள் எஸ்டேட்டில் வண்டியை அணைத்துவிடுவீர்கள். மாலையில் மறுபடி தொடங்கும், வீட்டு வாசலில் அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு சேரும்.

எரிப்பு நடக்கும்போது வண்டி சொல்லும். ஐடிலிங்கில் ஆர்.பி.எம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும், மைலேஜ் சட்டென்று இறங்கும், வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் பெரிதாகச் சுற்றும், சூடான வாடை வரும். அப்போது அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

ஆவடிக்காரரான உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறலாம். வாரம் ஒரு நாள், ஞாயிறு விடிகாலை என்றால் நல்லது, நசரத்பேட்டையைத் தாண்டி வண்டலூர் பக்கம் போய்த் திரும்புங்கள். வேகம் அறுபது எழுபது போதும். கியரைக் கொஞ்சம் குறைத்து ஆர்.பி.எம். 2,000-க்குக் கீழே விழாமல் அரைமணி நேரம் ஓட்டுங்கள். டேங்கில் கால்வாசிக்கு மேல் டீசல் இருக்கட்டும். குறைவாக இருந்தால் பல வண்டிகளில் எரிப்பு தொடங்கவே தொடங்காது. டிபிஎஃப் லைட் மட்டும் எரிந்தால் இந்த ஓட்டம் கைகொடுக்கும். என்ஜின் லைட்டும் சேர்ந்து எரிந்து வண்டி இழுக்கவில்லை என்றால் நேரே சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். ஆட்புளூ ஊற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; அது நைட்ரஜன் ஆக்சைடுக்கு, கரிக்கு அல்ல.

இரண்டு முறை சுத்தம் செய்தும் லைட் திரும்ப வருவதற்கு உங்கள் ஓட்டம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஃபில்டரின் இரு பக்க அழுத்தத்தை அளக்கும் சென்சாரையும் அதன் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்செக்டர், இஜிஆர் வால்வு, தெர்மோஸ்டாட் மூன்றையும் விடாதீர்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் என்ஜின் சூடே ஏறாது, எரிப்புக்கும் வழியில்லை. கடைசியாக எப்போது முழுதாக எரிந்தது, எத்தனை கிராம் கரி சேர்ந்திருக்கிறது என்பதை ஸ்கேனரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டுகிறீர்கள், கேட்க உரிமை உண்டு.

கழற்றிப் போடும் யோசனையைக் கைவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் மாசு வரம்பை மீறியதற்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. எனக்குச் சட்டத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. நீங்கள் தினமும் நிறுத்துவது பள்ளி வாசலில். அந்தப் பிள்ளைகளின் மூக்கு உங்கள் சைலன்சர் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

விற்பதா? 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாயை ஒட்டி வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. இன்று வித்தியாசம் பத்து ரூபாயை ஒட்டித்தான். ஊர்ந்து போகும் வண்டி அந்த லாபத்தை ஆயில் மாற்றத்திலும் சர்வீஸ் பில்லிலும் தின்றுவிடும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்தியதும் இந்தக் கணக்கின் இன்னொரு பக்கம்: சின்ன கார்களில் பிஎஸ்6 டீசலுக்கான செலவு கட்டுப்படியாகாது என்றார்கள்.

ஆகவே ஆயிலை மாற்றி, சென்சார்களைப் பார்த்து, மூன்று மாதம் வாராவாரம் வெளிவட்டச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். லைட் வராமல் இருந்து, அந்த ஓட்டமும் உங்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு திருநெல்வேலிப் பயணத்துக்காக மட்டும் இந்த வண்டி என்றால் விற்றுவிட்டு பெட்ரோல் கார் வாங்குங்கள். விற்கும்போது டிபிஎஃப் விவரத்தை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தினமும் ஸ்ரீபெரும்புதூர் வரை நெடுஞ்சாலையில் போய்வரும் ஒருவருக்கு இதே வண்டி நன்றாக உழைக்கும்.