வன்தட்டு எங்கே மறைந்தது?

லினக்ஸை 1991-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் உலகுக்கு அறிவித்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. தம்மிடம் ஏ.டி. வகை வன்தட்டு மட்டுமே இருந்தமையால், வேறு வகைத் தட்டுகளில் தம் படைப்பு இயங்காமலே போகலாம் என்று அவ்வறிவிப்பிலேயே அவர் குறித்தார். இன்று லினக்ஸ் அறியாத வன்தட்டு அரிது. ஆயினும், பழைய கணினியில் அதனை நிறுவப் புகுவோர், வன்தட்டு எதுவும் காணப்படவில்லை என்ற அறிவிப்பைக் கண்டு திகைப்பது இன்றும் உண்டு. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் பீர்மேட்டில் இது பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று. கேரள அரசு 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017-இல் 'கைட்' என்னும் நிறுவனமாயிற்று. அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் லினக்ஸிலேயே நடைபெறுகிறது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் அதிலேதான் செய்முறைத் தேர்வு எழுதவேண்டும். பள்ளியில் கிடைக்கும் சில மணி நேரம் போதுமா? வீட்டில் பழகவேண்டுமாயின், லயத்து வீடுகளுக்கு வந்து சேர்வது பிறர் பயன்படுத்திக் கழித்த கணினியே. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தமையால், அத்தகைய கணினிகள் இன்னும் பல வரக்கூடும். வன்தட்டு தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் அவை மூலையில் கிடக்கலாமா?

இங்கு நினைவிற்கொள்ளவேண்டிய விதி ஒன்றே: வன்தட்டு காணாமற் போவதில்லை; அதனைக் காணும் வழியில் எங்கோ ஒரு கதவு அடைபட்டிருக்கிறது. கதவுகள் நான்கு. அவற்றை வரிசையாகத் தட்டுக.

முதற் கதவு, கம்பியும் மின்சாரமும். கணினியின் மின்னிணைப்பை நீக்கிவிட்டுப் பெட்டியைத் திறக்க. 2003-க்கு முற்பட்ட கணினியாயின், அகன்ற பட்டைக் கம்பியுடைய ஐ.டி.இ. வகைத் தட்டு இருக்கும். ஒரு கம்பியில் இரண்டு கருவிகள் பூட்டலாம். அவற்றுள் ஒன்று 'மாஸ்டர்', மற்றொன்று 'ஸ்லேவ்' எனச் சிறு ஜம்பரால் குறிக்கப்படவேண்டும். இரண்டும் மாஸ்டராயின், இரண்டுமே தெரியாமற் போகலாம். சாட்டா வகையாயின் மெல்லிய கம்பியைக் கழற்றி மீண்டும் செருகுக. இயன்றால் வேறு கம்பியை மாற்றிப் பார்க்க. மழையும் மூடுபனியும் நிறைந்த எங்கள் மலையில், இணைப்பு முனைகளில் ஈரம் படிந்து களிம்பேறுவது இயல்பு.

இரண்டாம் கதவு, பயாஸ். கணினி உயிர்பெற்றதும் எப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி உட்புகுக. அங்கே வன்தட்டின் பெயர் இல்லையாயின், லினக்ஸைக் குறைகூறிப் பயனில்லை. சாட்டா வாயில் அணைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க. கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் நாம் செய்த அமைப்புகளும் அழியும். வி.ஐ.ஏ. வி.டி.8237 சில்லுடைய பழைய பலகைகள், நொடிக்கு 3 கிகாபிட் வேகமுடைய தட்டுகளை அறியமாட்டா, வேகத்தை 1.5 ஆகக் குறைக்கும் ஜம்பர் தட்டிலேயே இருந்தால் அதனைப் பூட்டுக. மேலும், 28 பிட் முகவரி முறை மட்டும் அறிந்த பயாஸ் 137 கிகாபைட்டுக்கு மேல் எண்ணாது. லினக்ஸ் இயங்கத் தொடங்கியபின் தட்டினைத் தானே நேராக அளந்துகொள்ளும். ஆதலின், தொடக்கக் கோப்புகளுக்குரிய சிறு பகுதியைத் தட்டின் முன்பகுதியில் அமைத்தால் போதும்.

மூன்றாம் கதவு, லினக்ஸின் கரு. நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் முறையில் கணினியைத் தொடங்கி, முனையத்தில் 'எல்-எஸ்-பி-எல்-கே' என்னும் கட்டளையை இடுக. எஸ்.டி.ஏ. போன்ற பெயரும் அளவும் தோன்றினால், கரு அதனைக் கண்டுவிட்டது. பயாஸில் தெரிந்தும் இங்கே தோன்றாவிடில், பயாஸில் 'ரெய்டு' முறை இருக்கிறதா என நோக்கி, 'ஏ.எச்.சி.ஐ.' முறைக்கு மாற்றுக. அதே தட்டில் விண்டோஸும் தொடரவேண்டுமாயின் எச்சரிக்கை: இம்மாற்றத்தால் அது தொடங்காமற் போகலாம்.

நான்காம் கதவு, நிறுவும் நிரல். கரு கண்ட தட்டினை இந்நிரல் காட்ட மறுப்பதுண்டு. சென்ற விடுமுறையில் எங்கள் லயத்தில் நான் கண்டது இதுவே. கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் தம் மகனுக்காகப் பழைய கணினி வாங்கியிருந்தார். தட்டு செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். "அது போனாப் போகட்டும் தம்பி, எங்க அம்மா போட்டோ அதுலதான் இருக்கு" என்றார்.

பயாஸில் தட்டின் பெயர் இருந்தது. கட்டளைக்கும் விடை வந்தது. நிறுவும் நிரல் மட்டும் மௌனம் சாதித்தது. முன்பு ஏதோ அலுவலகத்தில் ரெய்டு முறையில் இயங்கிய தட்டு அது. அம்முறையின் குறிப்பு தட்டின் கடைக்கோடியில் எஞ்சியிருந்தமையால், நிரல் அதனைத் தனித் தட்டாக ஏற்கவில்லை. 'டி-எம்-ரெய்டு' கட்டளையுடன் சிற்றெழுத்து ஆர் சேர்த்தால் அக்குறிப்பு வெளிப்படும். ஆருடன் பேரெழுத்து ஈ-யும் சேர்த்தால் அழியும். அழிக்குமுன், அம்மையாரின் படங்கள் அனைத்தையும் பென் டிரைவில் நகலெடுத்துத் திறந்து பார்த்துக்கொண்டோம். பின்னரே குறிப்பை அழித்து லினக்ஸை நிறுவினோம். அத்தம்பி இன்று அதிலேதான் பாடம் பழகுகிறான்.

எல்லாத் தட்டும் பிழைக்கும் என்று நான் கூறவில்லை. 'டக் டக்' என்று ஒலிக்கும் தட்டு உண்மையிலேயே பழுதானதாக இருக்கலாம். அதிலுள்ளவை வேண்டுமாயின் மீண்டும் மீண்டும் இயக்காது, தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுக்க. ஆனால் நான்கு கதவையும் தட்டிப் பாராமல் எதனையும் செத்தது என்று தள்ளுவது அறிவியல் ஆகாது. பயாஸ் காணவில்லையா, கரு காணவில்லையா, நிரல் காணவில்லையா எனப் பிரித்துக் கேட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே! ஒரு திருப்புளியும், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவும், நகலெடுக்க மற்றொரு பென் டிரைவும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தெருவிலும் ஒரு கணினி மூலையில் கிடக்கக்கூடும். அதற்காக ஒரு பிள்ளை காத்திருக்கவும் கூடும்.