எக்ஸ்புளோரர் போதுமா, மாற்ற வேண்டுமா?

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் எனக்குப் பழக்கமான ஜெராக்ஸ் கடை ஒன்று இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரின்டர், அவ்வளவுதான். தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அந்த ஸ்கேனருக்கு ஓய்வே இல்லை. தாராவிக்குள்ளேயே இலவச வீடு வேண்டுமானால், தரைத்தள வீட்டில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதனால் மங்கிப்போன ரேஷன் கார்டு, மடித்து மடித்துக் கிழிந்த கரண்ட் பில், வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கம் என்று டிரங்குப் பெட்டியில் கிடந்ததையெல்லாம் ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கடைப் பையன் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, காப்பிதான் பண்ணுனேன். பழைய ஃபோல்டர்ல இப்ப ஒண்ணுமே காணல." அவன் செய்தது இதுதான்: ஸ்கேன் செய்த ஃபைல்களை மவுஸால் பிடித்து இன்னொரு ஃபோல்டரில் போட்டிருக்கிறான். இரண்டு ஃபோல்டரும் டி டிரைவில் இருந்தன. விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ஒரே டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் ஃபைல் இடம் மாறும். வேறு டிரைவுக்கு இழுத்தால் காப்பி ஆகும். காலையிலிருந்து வாடிக்கையாளர்களின் பென் டிரைவுக்கு இழுத்து இழுத்துக் காப்பி செய்த கை, அதே பழக்கத்தில் இங்கேயும் இழுத்துவிட்டது. போதாததற்கு மவுஸ் கொஞ்சம் நழுவி, பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருந்தது. தேடிப் பிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் ரேஷன் கார்டைக் கையில் பிடித்தபடி எதிரே நின்ற அக்காவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஃபைல் மேனேஜரை மாற்றலாமா என்று யார் கேட்டாலும் இந்தச் சம்பவத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். எது அழகாக இருக்கிறது, எதில் வசதி அதிகம் என்ற கேள்வியெல்லாம் அப்புறம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள்? பதில் பத்துக்குக் கீழே என்றால் எதையும் மாற்ற வேண்டாம். விண்டோஸ் 95 காலத்திலிருந்து கூடவே வரும் எக்ஸ்புளோரர் போதும். 2022இல் விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட்டில் டேப் வசதியும் சேர்ந்துவிட்டது. ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: மவுஸின் வலது பட்டனைப் பிடித்து இழுங்கள். விட்டதும், காப்பியா, மூவா என்று அதுவே கேட்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் எப்போதும் காப்பி, ஷிஃப்ட் என்றால் எப்போதும் மூவ்.

நாள் முழுக்க ஃபைலோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது போதாது. அவர்களுக்குத்தான் இரண்டு பலகை வைத்த மேனேஜர். 1986இல் ஜான் சோச்சா டாஸுக்காக எழுதிய நார்ட்டன் கமாண்டரில் தொடங்கிய முறை இது. திரையின் இடது பாதியில் ஒரு ஃபோல்டர், வலது பாதியில் இன்னொன்று. இடதில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்5 அடித்தால் வலதுக்குக் காப்பி, எஃப்6 அடித்தால் மூவ். எங்கிருந்து எங்கே போகிறது என்பது இரண்டும் கண் முன்னாலேயே இருக்கிறது. ஓகே சொல்வதற்கு முன் போகுமிடத்தின் பெயரை ஒரு தடவை எழுதியும் காட்டுகிறது. அந்தப் பையனுக்கு நான் போட்டுக் கொடுத்தது இந்த வகைதான். இரண்டு நாள் முணுமுணுத்தான், மூன்றாம் நாளிலிருந்து மவுஸைத் தொடுவதே குறைந்துவிட்டது.

இந்த வகையில் உண்மையான போட்டி இரண்டு பேருக்குள்தான்.

டோட்டல் கமாண்டர் சுவிட்சர்லாந்துக்காரரான கிறிஸ்டியன் கீஸ்லர் 1993இலிருந்து எழுதிவருவது. முதலில் விண்டோஸ் கமாண்டர் என்று பெயர். விண்டோஸ் என்ற சொல்லை மைக்ரோசாஃப்ட் ஆட்சேபித்ததால் 2002இல் பெயர் மாறியது. பழைய கம்ப்யூட்டரிலும் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும். 260 எழுத்தைத் தாண்டிய நீளமான ஃபோல்டர் பாதையிலும் தடுக்கி விழாது. ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மூன்று பட்டன்களில் ஒன்றை அழுத்தச் சொல்லிப் பணம் கட்ட நினைவூட்டும். ஒரு தடவை வாங்கிவிட்டால் புதிய பதிப்புகளுக்குத் திரும்பக் காசு கேட்டதில்லை.

டபுள் கமாண்டர் அதே அச்சில் வார்த்தது போன்ற இலவச, திறந்த மூல மென்பொருள். எஃப்5, எஃப்6 அப்படியே. டோட்டல் கமாண்டருக்காக எழுதிய துணை நிரல்கள் பலவும் இதில் வேலை செய்யும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். குறை என்றால், பார்க்க லட்சணமாக இருக்காது, அமைப்புப் பக்கங்கள் ஏராளம், முதல் நாள் மலைப்பாக இருக்கும். வேகத்திலும் பக்குவத்திலும் டோட்டல் கமாண்டர் அரை அடி முன்னே நிற்கிறது என்பது என் அனுபவம். ஆனால் கடையில் மூன்று கம்ப்யூட்டர் இருந்து, அதில் ஒன்று லினக்ஸ் என்றால், எல்லாவற்றிலும் ஒரே சாவிகள் என்பது பெரிய லாபம்.

இரண்டிலும் பொதுவாக இருக்கும் மூன்று விஷயங்களுக்காகவே மாறலாம். முதலாவது, கன்ட்ரோல்+எம். ஸ்கேனர் ஸ்கேன்0001, ஸ்கேன்0002 என்று கொடுக்கும் நூறு ஃபைலுக்கும் ஒரே மூச்சில் குடும்பப் பெயரும் வரிசை எண்ணும் போடலாம். மாற்றுவதற்கு முன்பே பழைய பெயரும் புதுப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டாவது, ஒரு ஃபோல்டர் மேல் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் செய்வது இதுதான். மூன்றாவது, இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு எது எங்கே இல்லை என்று சொல்லும் கருவி.

இந்த மூன்றாவதன் அருமையை மாட்டுங்காவில் ஒரு மாமா வீட்டில் பார்த்தேன். வானொலியிலிருந்தும் கேசட்டிலிருந்தும் நாற்பது வருஷமாகச் சேர்த்த கச்சேரிகளை எம்பி3 ஆக்கி இரண்டு வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதாக நினைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு டிஸ்கில் இல்லாத பாடல்கள் மற்றதில் வரிசையாக வந்து நின்றன. எது விட்டுப்போயிற்று என்பதை அம்புக்குறியே காட்டியது. பொத்தானை அழுத்தியதும் அவை மட்டும் காப்பி ஆயின. ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவியில் ஒருபக்க ஒத்திசைவு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால், இடதில் இல்லாதவை வலதில் அழிக்கப்படும். புரியும்வரை அதைத் தொடாதீர்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்புளோரரில் தவறி நகர்த்தியதைக் கன்ட்ரோல்+இஸட் அடித்துத் திருப்பிவிடலாம். கமாண்டர் இரண்டிலும் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். எஃப்8 அடித்து அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான். இன்னொன்று: எந்த மேனேஜரைப் போட்டாலும், வேர்டிலோ ஃபோட்டோஷாப்பிலோ சேவ் செய்யும்போது வரும் பெட்டி விண்டோஸுடையதாகவேதான் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைரக்டரி ஓபஸ் 1990இல் அமிகா கம்ப்யூட்டருக்காகப் பிறந்து ஆஸ்திரேலியாவிலிருந்து இன்றும் வரும் மென்பொருள். திருப்பும் வசதி உட்பட இதில் இல்லாதது குறைவு. கல்யாண ஃபோட்டோ எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கு நன்றாகப் பொருந்தும், விலைதான் கனம். ஃபைல்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் விண்டோஸ் 11க்குப் பொருத்தமாக அழகாக இருக்கிறது, டேப், இரண்டு பலகை, வண்ணக் குறிச்சொற்கள் எல்லாம் உண்டு. ஆனால் ரேம் குறைந்த பழைய மெஷினில் திறக்கவே தாமதிக்கிறது, கடை வேலைக்கு அது ஆகாது. நான்கு பலகை கேட்பவர்களுக்கு கியூ-டிர் இருக்கிறது.

இனி, ஆங்கிலத்தில் வரும் ஒப்பீடுகள் எதிலும் நான் பார்க்காத ஒன்று: தமிழில் பெயர் வைக்கும் ஃபைல்கள். நம் ஆட்கள் பலர் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கிறார்கள். ஒரே முருகனை மூன்று விதமாக எழுதிவிட்டு, பிறகு தேடித் தவிக்கிறார்கள். யூனிகோடில் தமிழிலேயே வையுங்கள். ஆனால் மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மணி, மலர், மழை, மறை, மனை என்று ஐந்து ஃபோல்டர் உருவாக்கிப் பெயர் வரிசையில் அடுக்குங்கள். நான் எழுதிய இதே வரிசையில் வந்தால் அந்த மென்பொருள் தமிழ் நெடுங்கணக்கை மதிக்கிறது. மணி, மனை, மறை, மலர், மழை என்று வந்தால் அது யூனிகோடின் எண் வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டதால் வரும் கோளாறு இது. டோட்டல் கமாண்டரின் அமைப்பில் எண் குறியீட்டின்படியா, அகர வரிசையின்படியா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆயிரம் குடும்பத்தின் பெயர் வைத்த ஃபோல்டரில் இது சின்ன விஷயமில்லை.

நீளத்திலும் கவனம் வேண்டும். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் பொதுவாக 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் தனித்தனிக் குறியீடு. 'கல்யாணப் பத்திரிகை' என்பது நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு இடைவெளியோடு சேர்த்து 18 குறியீடு, 52 பைட். இதுபோல ஐந்து சொற்றொடர் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால் அங்கே ஏற்றுக்கொண்ட பெயர், லினக்ஸ் டிஸ்குக்குக் காப்பி செய்யும்போது நின்றுபோகும். குற்றம் ஃபைல் மேனேஜருடையது அல்ல, பெயரைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

லினக்ஸ் என்றதும் செம்பூர் நினைவுக்கு வருகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அங்கே செட்டா நகரில் ஓய்வுபெற்ற தம்பதியின் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்காத அளவுக்குப் பழையது. நல்ல மெஷினைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அதில் வரும் நெமோ என்ற மேனேஜரிலேயே எஃப்3 அடித்தால் இரண்டு பலகை விரியும். கேடிஈ திரைச்சூழல் போட்டவர்களுக்கு டால்ஃபினிலும் அதே எஃப்3. நாட்டிலஸ் என்ற இன்னொரு லினக்ஸ் மேனேஜரிலும் இது ஒரு காலத்தில் இருந்தது, 2012இல் எடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் நாட்டிலஸிலிருந்து பிரிந்து வந்ததுதான் நெமோ. பேரன் பேத்தி ஃபோட்டோவைப் போனிலிருந்து இறக்கி வைப்பதற்கு நெமோவுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

வாடிக்கையாளர் பென் டிரைவ் செருகும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்புளோரர் தன் இயல்பில் ஃபைலின் பின்னொட்டை மறைத்தே காட்டும். பிடிஎஃப் என்று பெயரில் எழுதிவைத்து உள்ளே இஎக்ஸ்இ ஆக இருக்கும் வைரஸை அதனால்தான் அடையாளம் தெரிவதில்லை. கமாண்டர் வகையில் பின்னொட்டு தெரியும், கன்ட்ரோல்+கியூ அடித்தால் ஃபைலைத் திறக்காமலே எதிர்ப் பலகையில் உள்ளடக்கம் தெரியும். எந்த மேனேஜரானாலும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

எந்த மேனேஜரோடும் சேர்த்துப் போட வேண்டியது எவ்ரிதிங் என்ற தேடும் கருவி. இலவசம். என்டிஎஃப்எஸ் டிஸ்கின் பதிவேட்டையே நேராகப் படிப்பதால் லட்சக்கணக்கான ஃபைலிலும் இரண்டு எழுத்து அடிப்பதற்குள் பெயரை எடுத்துக் கொடுக்கும், தமிழிலும்தான். அன்றைக்கு அந்தக் கடையில் இது இருந்திருந்தால் பத்து நிமிஷம் பத்து விநாடி ஆகியிருக்கும்.

என் தீர்ப்பு இது. வீட்டுக்கு எக்ஸ்புளோரரும் எவ்ரிதிங்கும் போதும். கடைக்கும் சிறிய அலுவலகத்துக்கும் டபுள் கமாண்டர். முழுக்க விண்டோஸில்தான் வேலை, வருஷக்கணக்கில் இதுதான் பிழைப்பு என்றால் டோட்டல் கமாண்டர். அதைக் கிராக் செய்த பதிப்பாகப் போடாதீர்கள். ஊராருடைய ரேஷன் கார்டும் ஆதாரும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒருவர் உழைத்துத் தந்த கருவி உங்கள் கடையை நடத்திக்கொடுக்கிறது என்றால், காசு கொடுத்தே வாங்குங்கள்.